கற்றோரும் இணையப் பக்கமும்

(காணையில் நடைபெற்ற நமது சங்கத்து ஆண்டு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 ஆண்டுதோறும் இவ்விழாவில் கம்பனைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசுமாறு என்னைப் பணிப்பது நம் சங்கத்தார் வழக்கம். இவ்வாண்டு யானே விரும்பி வேறொரு பொருளைக் கேட்டுப் பெற்றேன். கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியராயிருப்போர் தத்தம் பெயரால் இணையத்தில் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுதல் தகுமா, தகுமெனின் அஃது எத்தன்மையதாய் இருத்தல் வேண்டும் என்பதே அப்பொருள். "இலக்கணம் படித்தவருக்கு இணையத்தில் என்ன வேலை?" என்று செயலாளர் அவர்கள் நகைத்தார்கள். அதற்கு விடை இலக்கணத்திலேயே இருக்கின்றது. அதனை முதற்கண் காட்டிவிட்டு அப்பாற் செல்கின்றேன்.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஒருவன் எத்துணைப் பெரிய நூலை இயற்றினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விதித்தார். ஆகலின் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் உரைக்கும் உரிமையைத் தன் ஆசிரியன், தன்னொடு கற்றவன், தன் மாணாக்கன், தக்க உரைகாரன் என்னும் பிறர்க்கே கொடுத்தார். அவ்விதியைச் சொன்ன கையோடு விலக்கும் சொன்னார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதார் நடுவே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், மாற்றான் தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளல் பொருந்தும் என்பது அவ்விலக்கு. இந்நான்கனுள் இரண்டாவதே இன்றைய நம் வழக்கைத் தீர்த்துவைக்கின்றது. இணையம் என்பது என்ன? நம்மை இன்னார் என்று அறியாத பல கோடிப் பேர் நடுவே நிற்கும் நிலையன்றோ? அவ்விடத்தில் வாளா நிற்பவனை அடக்கமுடையான் என்று எவரும் சொல்லார். அவன் அங்கே இருப்பதையே ஒருவரும் அறியார்.

நிற்க. அவ்விணையம் பிறந்த கதையையும் சிறிது கேளுங்கள். இதனை வணிகர் வளர்த்த பொருளென்று நம்மவர் பலர் எண்ணியிருக்கின்றனர். சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரத்தருகே செர்ன் என்னும் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்பவர், ஆராய்ச்சியாளர் ஒருவர் எழுதியதை மற்றொருவர் எளிதிற் காணுமாறு 1989ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வரைந்தார். அதிலிருந்து முளைத்ததே வைய விரிவு வலை. 1993ஆம் ஆண்டில் அந்நிலையத்தார் அதனை யாவரும் பொருள் கொடாமற் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு விட்டுக்கொடுத்தனர். ஆகவே, கற்றோர் தமக்கென்று கட்டிய திண்ணையில் வணிகர் பின்னர்க் கடை விரித்தனர் என்பதே உண்மை. திண்ணைக்கு உரியவர் இன்று வெளியே நின்று, "உள்ளே வரலாமா?" என்று தயங்குகின்றனர்.

தமிழ் இணையத்தில் ஏறியதும் கல்விக்கழகத்து ஆசிரியர் ஒருவரால்தான். சிங்கப்பூரில் ஆசிரியர்களைப் பயிற்றும் பணியிலிருந்த நா. கோவிந்தசாமி அவர்கள் 1995ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கவிதைத் தொகுதியொன்றை வலையேற்றியபோது தமிழ் எழுத்து ஆங்குத் தோன்றுமாறு செய்தார். அவர் 1999ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிய கு. கல்யாணசுந்தரம் அவர்கள் லோசான் நகரத்தில் வேதியியல் ஆராய்ந்தவர், தமிழாசிரியர் அல்லர். தமிழ் கற்பித்து ஊதியம் பெறும் எம்மனோர் செய்யவேண்டியதை ஒரு வேதியியலார் செய்தார் என்பதை யான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே தலை தாழும். அருகிலுள்ள புதுச்சேரியிலோ, பேராசிரியர் மு. இளங்கோவன் அவர்கள் தம் பெயரால் அமைந்த பக்கத்தில், மறக்கப்பட்ட தமிழறிஞர் பலருடைய வரலாறுகளை நெடுங்காலமாக எழுதிவருகின்றார். அவரது பக்கத்தில் அவரைப் பற்றிய செய்தி சிறிது. பிறரைப் பற்றிய செய்தி பெரிது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கற்றளியைக் கண்டிருப்பீர்கள். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி இதனைச் செய்வித்தவன் விசித்திரசித்தன் என்னும் செய்தி ஆங்குக் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் என்பதும் உண்டு. செய்தவன் யார், எது செய்தான், எவ்வாறு செய்தான், யார் பொருட்டுச் செய்தான் என நான்கும் அதில் அடங்கிவிட்டன. ஆயிரத்து நானூறு ஆண்டாக நிற்கும் சொந்தப் பக்கம் என்று அதனைச் சொன்னால் மிகையாகாது.

எண்ணாயிரம் என்னும் ஊர்க் கல்வெட்டு இதனினும் நம் பொருளுக்கு அணித்து. முதலாம் இராசேந்திரசோழன் காலத்தில் ஆங்கு ஒரு கல்லூரி இருந்தது. இளநிலை மாணாக்கர் 270 பேர், முதுநிலை மாணாக்கர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். எந்தப் பாடத்துக்கு எத்தனை மாணாக்கர், எவர்க்கு எவ்வளவு நெல் என்பதெல்லாம் கோயிற் சுவரிலே பொறித்துவைத்தனர். அஃது ஊராரும் வழிப்போக்கரும் படித்தறியத்தக்க இடம். (அக்கல்லூரி வேதம் ஓதுவோர்க்கு உரியது, நம் முன்னோர் அதன் வாயிலிலும் நின்றிரார். அது வேறு கதை. அக்கதையை மறவாமல் இருப்பதற்காகவே இச்சங்கம் இருக்கின்றது.) யான் சொல்ல வந்தது இதுதான்: கல்விக்கென்று பொருள் கொடுத்தோர் அதன் கணக்கை வெளிச் சுவரில் எழுதினர். இன்று குடிமக்கள் வரிப்பணத்தில் ஊதியம் பெறும் பேராசிரியர், தாம் என்ன ஆராய்ந்தார் என்பதைத் தம் மேசை அறைக்குள் பூட்டிவைத்தல் எவ்வாறு பொருந்தும்?

இது வெறும் வாதமன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றேன். 2022ஆம் ஆண்டில், இச்சுற்றுவட்டத்துப் பெண்ணொருத்தி, தன் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி மிதித்தவள், பனைத்தொழிலாளர் வழங்கும் சொற்களைப் பற்றி ஆராய விரும்பி என்னிடம் வந்தாள். நெறியாளரைத் தேடி இருவரும் கணிப்பொறிமுன் அமர்ந்தோம். ஒரு பல்கலைக்கழகத்துத் தளத்தில் ஆசிரியர் பெயரைத் தொட்டால், "இப்பக்கம் ஆக்கப்பட்டு வருகின்றது" என்று வந்தது. மற்றொரு கல்லூரியிலோ பேராசிரியரின் நிழற்படம் பொன்னாடையுடன் இருந்தது; கீழே அவர் வகித்த பதவிகள் இருபதுக்கு மேல்; எழுதிய கட்டுரை ஒன்றனையும் படிக்க வழியில்லை. மூன்றாவது இடத்தில் காணப்பட்டவர் ஓய்வுபெற்று ஐந்தாண்டு கழிந்திருந்தன. அப்பெண், "ஐயா, இவர்களுக்கெல்லாம் எழுதினால் என்னை மதித்து விடை எழுதுவார்களா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

மறுநாள், தொலைவிலுள்ள மாவட்டமொன்றில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரது பக்கம் கிட்டியது. அழகு சிறிதும் இல்லாத பக்கம். வெள்ளைத் தாளில் கருப்பெழுத்து. ஆனால் அவர் எழுதிய கட்டுரைகள் முழுவதும் படிக்கக் கிடைத்தன. இன்ன பொருளில் ஆராய்வார்க்கு உதவுவேன், இவ்வாண்டு இருவரைச் சேர்க்க இடம் உண்டு, இன்ன முகவரிக்கு எழுதுக என்றும் குறித்திருந்தார். அப்பெண் எழுதினாள். நான்காம் நாள் விடை வந்தது. இன்று அவள் அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கின்றாள்.

அன்பர்காள்! செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இப்பக்கம் வேண்டுவதில்லை. அவனுடைய மாமன் துணைவேந்தரை அறிவான். சிற்றப்பன் துறைத்தலைவரோடு படித்தவனாயிருப்பான். வழிகேட்க வீட்டில் ஒருவரும் இல்லாத பிள்ளைக்கே அது வேண்டும். நம் பிள்ளைகளிற் பெரும்பாலார் அத்தகையர். ஆகவேதான் இப்பொருளை இச்சங்கத்தில் பேசத் துணிந்தேன்.

பக்கத்தில் எவை இருத்தல் வேண்டும் என்று கேட்பீர்களாயின், மீண்டும் நன்னூலாரிடமே செல்வேன். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் எனச் சிறப்புப்பாயிரம் எட்டினைச் சொல்லவேண்டும் என்றார். காலமும் களமும் காரணமும் சேர்த்துப் பதினொன்றாக்குவாரும் உளர். இன்றைய பக்கங்களிற் பெரும்பாலன ஆக்கியோன் பெயரோடு நின்றுவிடுகின்றன. அதிலும் பெயருக்கு முன்னுள்ள பட்டங்களே பாதி வரியைப் பிடித்துக்கொள்கின்றன. நுதலிய பொருளும் கேட்போரும் இல்லாத பாயிரம் எற்றுக்கு? வழி என்பது மிக இன்றியமையாதது. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஏடு கொடுத்து உதவியவர்களை முகவுரையில் நன்றியோடு குறித்தார். யாரிடம் கற்றோம், யார் உதவினார் என்று எழுதுபவன் சிறுத்துப்போவதில்லை.

பெயரைப் பற்றியும் சில சொல்லவேண்டும். தமிழர் பெயர் ஆங்கிலத்தில் படும் பாடு நீங்கள் அறியாததன்று. நம் விழுப்புரத்தையே ஆங்கிலத்தில் எழுதிப் பிறநாட்டான் ஒருவனைப் படிக்கச் சொன்னால், 'வில்லுப்புரம்' என்பான். திருநாவுக்கரசு என்னும் பெயரை ஐந்து அலுவலகத்தில் ஐந்து விதமாக எழுதுவர். முதலெழுத்து ஒருகால் முன்னும் ஒருகால் பின்னும் வரும்; ஒருகால் விரிந்து தந்தை பெயரே மகன் பெயராகிவிடும். பெண்மக்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தந்தை பெயரின் முதலெழுத்தோடு நான்கு கட்டுரையும், மணத்தின்பின் கணவன் பெயரின் முதலெழுத்தோடு ஆறு கட்டுரையும் எழுதினால், உலகம் அவளை இருவராகக் கருதி இரண்டு சிறு ஆராய்ச்சியாளராக எண்ணிவிடும். இக்குறையை நீக்கவே 2012ஆம் ஆண்டில் ஆர்சிட் என்னும் பதிவுமுறை தோன்றியது. ஆராய்வார் ஒவ்வொருவர்க்கும் பதினாறு இடமுள்ள ஓர் எண் கட்டணமின்றித் தரப்படுகின்றது. பெயர் எவ்வாறு திரிந்தாலும் எண் திரியாது. பரிசில் பெறும் பிள்ளைகளுள் மேற்படிப்புக்குச் செல்வோர், முதற் கட்டுரை அச்சேறு முன்னரே அதனைப் பெற்றுக்கொள்வீர்களாக. நம் நாட்டில் இன்ஃபிளிப்நெட் நிறுவனத்தார் நடத்தும் வித்வான் என்னும் அறிஞர் பதிவேடும் உண்டு. அப்பெயரைக் கண்டபோது பண்டிதனாகிய எனக்கு ஒரு மகிழ்ச்சி ஏற்பட்டது என்பதை மறைப்பானேன்!

ஆனால் பிறர் இடத்தில் பெயரைப் பதிவதோடு அமைதல் போதாது. நல்லாசிரியர் ஆகாதவர்க்கு நன்னூலார் கூறிய உவமைகளில் முடத்தெங்கு ஒன்று. ஒருவன் நீர் வார்த்து வளர்க்க, வளைந்து சென்று வேலிக்கப்பால் மற்றொருவன் முற்றத்தில் காய் உதிர்க்கும் தென்னை அது. 2008ஆம் ஆண்டில் அக்கடமியா, ரிசர்ச்கேட் என்னும் இரு நிறுவனங்கள் எழுந்தன. ஆராய்ச்சியாளர் தம் கட்டுரைகளை அங்கே இலவசமாக வைக்கலாம். நம்மவர் பலரும் வைத்துள்ளனர், பயனும் அடைந்துள்ளனர், அதனை மறுக்கவில்லை. எனினும் அவை கல்விக்கழகங்கள் அல்ல. ஊதியம் கருதும் கம்பெனிகள். 2013ஆம் ஆண்டில் எல்சேவியர் என்னும் பதிப்பகத்தார் எச்சரிக்கை விடுக்க, அக்கடமியாவில் ஆசிரியர்கள் தாமே வைத்த கட்டுரைகள் பல நீக்கப்பட்டன. அச்சிடும்போது உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டதை அவர்களிற் பலர் அன்றுதான் உணர்ந்தனர். கையெழுத்திடுமுன் படிக்கவேண்டும் என்று நிலப்பத்திரத்தில் காட்டும் கவனத்தைக் கட்டுரைப் பத்திரத்திலும் காட்டவேண்டும்.

இலவச இடத்தில் கட்டிய வீடுகள் என்னவாயின என்பதற்கும் சான்று உண்டு. ஜியோசிட்டீஸ் என்னும் இடத்தில் உலகெங்குமுள்ள பல இலட்சம் பேர் பக்கம் அமைத்திருந்தனர். தமிழ் ஆர்வலரும் பலர். யாகூ நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டு அக்டோபரில் அதனை மூடிவிட்டனர். அன்றியும், அக்காலத் தமிழ்ப் பக்கங்கள் பல்வேறு எழுத்துரு முறைகளில் இருந்தமையால், அழியாது எஞ்சியவற்றையும் இன்று திறந்தால் எழுத்துக்கு மாறாகப் பூச்சியும் புள்ளியுமே தோன்றுகின்றன. 2010ஆம் ஆண்டில் தமிழக அரசும் யூனிகோடு முறையை ஏற்று ஆணை பிறப்பித்தபின் அத்தொல்லை பெரிதும் தீர்ந்தது. ஆயினும் பழைய முறையில் தட்டச்சிட்ட கோப்புகளை இன்றும் பல ஆசிரியர் வைத்திருக்கின்றனர். வட்டெழுத்துப் படிப்பாரில்லாமற் போக நூற்றாண்டுகள் ஆயின. இவை பதினைந்து ஆண்டில் வட்டெழுத்தாய்விட்டன.

இவ்விடத்தில் யான் தவிர்க்க இயலாத ஒரு துயரத்தைச் சொல்லவேண்டும். நம் மரபிற் பிறந்து, கல்லூரியொன்றில் முப்பதாண்டுக்கு மேல் கற்பித்த பெரியவர் ஒருவர் இருந்தார். விக்கிரவாண்டிப் பக்கத்து ஊர்களிலும் திருக்கோவலூர்ச் சாலையோரத்து ஊர்களிலும் நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் தேடித் தேடி ஒலிநாடாவிற் பதிந்தவர். கல்லூரித் தளத்தில் அவர் பெயரின்கீழ் அந்நாடாக்களின் பட்டியலும் சில பாடல்களின் ஒலியும் இருந்தன. "ஐயா, தங்கள் பெயரில் தனியே ஒரு பக்கம் அமைத்துத் தருகின்றேன்" என்று 2016ஆம் ஆண்டில் யான் ஒருமுறை கேட்டேன். "நான் என்ன கடை வைத்திருக்கிறேனா, பெயர்ப்பலகை மாட்ட?" என்றார். அவ்விடையை அக்காலத்தில் மிக மெச்சினேன். கண்டாரிடமெல்லாம் சொல்லியும் மகிழ்ந்தேன். அவர் 2019ஆம் ஆண்டில் காலமானார். ஈராண்டு கழித்துக் கல்லூரியார் தம் தளத்தைப் புதுக்கினர். ஓய்வுபெற்றோர் பக்கங்கள் யாவும் போயின. வீடு மாற்றும்போது குறிப்பேடுகளும் நாடாக்களும் பழைய காகிதக் கடைக்குப் போயின. மக்கள்மேற் குற்றமில்லை, அவற்றுள் என்ன இருந்தது என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டியவன் யான்.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய இணைய ஆவணக் காப்பகம் உலகத்துத் தளங்களை அவ்வப்போது படியெடுத்து வைக்கின்றது. அதில் தேடினேன். கல்லூரியின் பழைய பக்கம் கிடைத்தது. பட்டியல் அப்படியே இருந்தது: ஊர், பாடியவர் வயது, பாட்டின் முதலடி. ஒலியைத் தொட்டேன், ஒன்றும் வரவில்லை. பட்டியலை மட்டும் அது படியெடுத்திருந்தது.

தன்னடக்கம் வேறு, தன் உழைப்பைக் கைவிடுதல் வேறு என்பது எனக்கு அன்று விளங்கியது. 2009ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதியின்பின் ஆராய்ச்சிப் பட்ட ஏடுகள் சோத்கங்கா என்னும் களஞ்சியத்தில் சேர்கின்றன. ஆகலின் இளைஞர் உழைப்பு ஓரளவு பிழைத்துக்கொள்ளும். அதற்கு முற்பட்ட தலைமுறையார் உழைப்பே அலமாரிகளில் இருக்கின்றது.

குறைகளையும் ஒளியாது சொல்வேன். சொந்தப் பக்கம் என்றவுடன் அதனைத் திருமண அழைப்பிதழ் போல் ஆக்கிவிடுவோர் உளர். அமைச்சரோடு எடுத்த படம், விருது பெற்ற படம், விருதுக்கு வந்த வாழ்த்து என்று விரியும். ஒரு வரி ஆராய்ச்சி இராது. பணம் கொடுத்து வெளியிட்ட கட்டுரைகளை எண்ணிக்கை காட்டி நிரப்புவோரும் உளர். இவர்களைக் கண்டு நல்லோர் ஒதுங்குகின்றனர். நல்லோர் ஒதுங்க இவர்களே நிறைகின்றனர். நம் தாய்மார்கள் சிலர், மாப்பிள்ளை பார்க்கும்போது கல்லூரித் தளத்தில் பெயர் உண்டா என்று பார்க்கின்றனர் என்றும் கேள்வி. பார்க்கட்டும், அப்படியே அவர் எழுதிய கட்டுரையொன்றையும் படித்துவிட்டால் நன்று.

மற்றொன்று சொல்வேன், சிலர் முனியலாம். நம் பிள்ளைகள் தம் பக்கத்தில் குலப்பெயரை எழுதவேண்டுவதில்லை. குலப்பட்டங்களை நீக்குக என்று 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. ஊர்ப்பெயரை எழுதுங்கள். காணை என்று எழுதுங்கள். மேற்சொன்ன பெண்ணைப் போல் தயங்கி நிற்கும் பிள்ளை எந்தக் குலத்ததாயினும், "நம் ஊர்ப்பக்கத்தார் ஒருவர் இருக்கின்றார்" என்று துணிந்து எழுதட்டும். அவ்வாறு வரும் கடிதத்துக்கு விடை எழுதுவதே பக்கம் வைத்திருப்பதன் கடமை.

செலவைப் பற்றிச் செயலாளர் அவர்கள் கேட்டார்கள். டொமைன் எனப்படும் தளப்பெயருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஆகும். சிறிய பக்கமாயின் வேறு செலவு மிகுதியில்லை. நம் சங்கம் இரண்டு மாலையும் ஒரு பொன்னாடையும் குறைத்தால் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் பக்கம் ஓராண்டு நிற்கும். கணிப்பொறி பயிலும் நம் மாணவர் நால்வர் பக்கங்களை அமைத்துத் தர இசைந்துள்ளனர். ஆனால் கோப்புகளின் ஒரு படியை ஆசிரியர் தம் வீட்டிலும், ஒரு படியைச் சங்கத்திலும் வைத்தல் வேண்டும். தளப்பெயர்க்குப் பணம் செலுத்தும் நாளை வீட்டில் மற்றொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தவர் ஒருவரே ஆயின் அவரோடு அதுவும் போம்.

இறுதியாக ஒரு செய்தி. யான் முன்னர்க் கூறிய பெரியவரின் மகளார் இக்கூட்டத்துக்கு வந்திருக்கின்றார்கள். காகிதக் கடைக்குச் சென்ற மூட்டையில் சேராது, அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்த குறிப்பேடுகள் மூன்றனைச் சென்ற மாதம் கண்டெடுத்து என்னிடம் தந்தார்கள். அவை இதோ இம்மேசைமேல் இருக்கின்றன. ஏற்றப் பாட்டுகள் மட்டும் நூற்றுக்கு மேல் உள்ளன. பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, ஊரும் பாடியவர் வயதும் சேர்த்து, அவர் பெயராலேயே ஒரு பக்கத்தில் ஏற்ற வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இக்கட்டடத்திலேயே தொடங்குகின்றோம். தட்டச்சிட இரு மாணவியர் இசைந்துள்ளனர். மூன்றாமவர் ஒருவர் வேண்டும். எழுத்து பென்சிலால் எழுதியது, மிகவும் மங்கியுள்ளது. ஆகலின் கண் கூர்மையுடையவராயிருத்தல் நலம். ஏற்றம் இறைத்த முதியவர் எவரேனும் உடன் வந்து அமர்ந்தால், படிக்க இயலாத சொற்களைப் பாடியே சொல்லிவிடலாம்.